கற்பூரம் அணைக்கச் சொன்னவள்

1

சிங்காரத்தின் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பதில் எழுத உட்காருகிறேன், இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். நாலு தாள் கிழித்தாயிற்று. இன்று ஐந்தாவது.

சிங்காரம் பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் என்னுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது அந்தப் பக்கத்திலேயே ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. எந்தக் கச்சேரி என்று சொல்லமாட்டேன், அவன் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை. அங்கே புதிதாக வந்திருக்கும் வெள்ளைக்கார அதிகாரி, தாளில் ஒரு பிழை கண்டால் போதும், "உங்கள் ஜனத்துக்கு மூளை வெயிலிலேயே காய்ந்துபோய்விட்டது" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறாராம். எல்லோரும் சிரிக்கிறார்கள். சிங்காரமும் சிரித்துவிடுகிறான். "வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. நீ பத்தொன்பது வருஷமாக வெள்ளைக்காரனுக்கு வாயாக இருக்கிறாய். இப்படிப் பேசுகிறவனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எழுது" என்கிறான்.

கடிதத்தை என் மனைவி ராஜத்துக்குப் படித்துக் காட்டினேன். "போயும் போயும் உங்களையா கேட்டாரு?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

இந்த ஆடிப்பெருக்கோடு நான் கப்பல் ஏறிப் பத்தொன்பது வருஷம். மலாய் நாட்டின் இந்தச் சின்னத் துறைமுக ஊரில் கோர்ட்டு துபாசி வேலை. மாஜிஸ்திரேட் துரை பேசும் இங்கிலீஷைத் தமிழாக்கிக் கூண்டில் நிற்பவனுக்குச் சொல்வேன், அவன் தமிழை இங்கிலீஷாக்கித் துரைக்குச் சொல்வேன். ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. என் பிழைப்பும் பிழைப்புதானே?

சிங்காரத்துக்கு மட்டும் எழுத வரவில்லை. ஊரில் பலர் படிக்கும் பத்திரிகைக்கு எழுதினால் ஒருவேளை பொய் சொல்லாமல் எழுதுவேன் என்று இந்த வழியைப் பிடித்திருக்கிறேன்.

2

காலையில் பழைய சோறு, கறுப்புக் கோட்டு, குடை. இந்த ஊரில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. ஒன்பதே முக்காலுக்கு என் இடத்தில் நின்றாக வேண்டும். துரையின் மேஜைக்குக் கீழே, கூண்டுக்குப் பக்கத்தில், ஒரு பலகை. அதன்மேல் நின்றுகொண்டு நாள் முழுக்கப் பேசுவேன். அதில் ஒரு சொல்கூட என்னுடையதல்ல.

அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மை வேறு. துரையின் வாயிலிருந்து வருவதை நான் இரண்டாகப் பிரித்துவைத்திருந்தேன். ஒன்று, ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியது. இன்னொன்று, காற்றோடு போகவேண்டியது. "முட்டாளே" என்று துரை சொன்னால் "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுப்பா" என்பேன். "இந்தத் தமிழ்க் கூலிக் கும்பலை நம்பி ஒரு நாயைக்கூட விட்டுவிட்டுப் போக முடியாது" என்று ஒரு தடவை சொன்னார். நான் "துரைக்கு இன்னும் ஒரு சாட்சி வேணுமாம்" என்றேன். தோட்டத்திலிருந்து பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கிற ஏழைகள். வலிக்கிற சொல்லை அவர்கள் காதில் போடுவானேன்? இதை ஒரு புண்ணியமாகவே செய்துவந்தேன். ஒரு வருஷமல்ல, பத்தொன்பது வருஷம்.

அந்தப் புண்ணியத்தின் பலனைச் சொல்கிறேன். துரை அவர்களை நாய் என்பார். நான் அதைச் சர்க்கரையாக்கிக் கொடுப்பேன். அவர்கள் இரண்டு கையையும் கூப்பி "நல்லதுங்க தொரே" என்பார்கள். துரை பக்கத்திலிருக்கும் வக்கீலைப் பார்த்து, "பார்த்தீர்களா, என்ன சொன்னாலும் இவர்களுக்கு உறைக்காது" என்பார். அவர்களுக்கு மானமில்லை என்று அவர் முடிவு கட்டியதற்கு நான்தான் நாள்தோறும் சாட்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இது எனக்குப் புரிய இத்தனை காலம் ஆனதை நினைத்தால் என் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

3

எனக்கு ஒரே மகள், சரோஜா. பன்னிரண்டு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இங்கிலீஷ் தண்ணீராக வரும், மலாய் அதைவிட வேகமாக வரும். தமிழ் பேசினால் "எனக்குப் பசிக்குது" என்று வராமல் "நான் பசியாக இருக்கேன்" என்று வரும். திருத்தினால் கோபம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பரிசளிப்பு விழா. ராஜமும் நானும் போயிருந்தோம். தலைமையாசிரியை வெள்ளைக்காரி. சரோஜாவின் தோளில் கைவைத்து, சிரித்த முகமாகவே என்னிடம் சொன்னாள்: "தமிழ்ப் பெண் இவ்வளவு சுத்தமாகவும் புத்திசாலியாகவும் இருப்பது எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். உங்கள் ஜனத்தில் இது அபூர்வம்." நான் குனிந்து "தேங்க்யூ மேடம்" என்றேன்.

ராஜத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. "இன்னா சொன்னாங்க?" என்று என் சட்டையை இழுத்தாள்.

"புள்ள நல்லா படிக்குதாம்" என்றேன்.

சரோஜா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் என் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கிற ஆள் ஒருவரும் இருந்ததில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒரு ஜோடிக் காது என் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இங்கிலீஷில், "நீங்கள் ஏன் நன்றி சொன்னீர்கள்?" என்று கேட்டாள். நான் ஏதோ சொன்னேன். அன்றிலிருந்து என்னிடம் அவள் தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். ராஜம் இதற்கு என்னைத்தான் திட்டினாள், காரணம் தெரியாமலேயே.

4

வெள்ளைக்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டு சிரிப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டைக் களத்துமேட்டு வீடு என்பார்கள். நிலமும் நாலு ஜோடி மாடும் உண்டு. பூந்தமல்லி பட்டாளத்துக் குதிரைகளுக்கு என் அப்பா வைக்கோல் போட்டுவந்தார். வண்டி போய் நின்றதும் ஒரு சார்ஜண்டு வைக்கோலை உதறிப் பார்ப்பான். ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "திருட்டு ஜனங்கள்" என்று ஒரு தடவை சொன்னால்தான் அவனுக்குத் திருப்தி. அப்பா "ஆமாம் தொரே" என்பார். அந்தச் சிரிப்பை நான் வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறேன். என் முகத்தில் இருப்பதும் அதே சிரிப்புதான்.

ஆனால் அப்பா அதை விழுங்கிவிடவில்லை. களத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

எங்கள் களத்தில் காத்தான் என்று ஒரு படியாள். காட்டுப்பாக்கம் சேரியிலிருந்து விடியுமுன் நடந்து வருவான். ஒரு தை மாதம் களத்தில் ஒரு கதிர்க்கட்டு குறைந்தது. அப்பா காத்தானைக் கேட்டார். அவன் எடுக்கவில்லை என்றான்.

எங்கள் பக்கத்தில் இப்படி வழக்கு வந்தால் ஒரு வழி உண்டு. கற்பூரம் கொளுத்தி, பழி சொன்னவனும் அதை அணைக்கவேண்டும், பழி கேட்டவனும் அணைக்கவேண்டும். யார் பொய்யோ அவன் குலம் விளங்காது. மாங்காட்டு அம்மன் வாசலில் எங்கள் பங்காளிகள் அப்படி அணைத்ததை நான் பார்த்திருக்கிறேன். களத்தில் அப்பா கற்பூரத்தைக் காத்தானின் உள்ளங்கையில் வைத்துக் கொளுத்தச் சொன்னார். அவன் விரலை மடக்கி அணைத்தான். பிறகு அப்பாவின் முறை. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இதுங்க பொறக்கும்போதே பொய்யோட பொறந்ததுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

அந்தக் கட்டை எடுத்தது என் சித்தப்பா. விடியற்காலையில் சினைமாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டார். தொழுவத்தில் நான் அதைப் பார்த்தேன். காத்தான் கையில் கற்பூரம் எரிந்தபோது நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சிங்காரத்திடம்கூட.

5

போன மாதம் ஒரு வழக்கு. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஏழுமலை என்ற ஆள் கங்காணியை ரப்பர் பால் எடுக்கும் வாளியால் அடித்துவிட்டான் என்று பிராது. கங்காணி பக்கம் மூன்று சாட்சி, மூன்று பேரும் அவனுடைய ஆட்கள். கங்காணிதான் முதலில் தடியால் அடித்தான் என்று சொல்ல ஏழுமலைக்கு இருந்த ஒரே சாட்சி அவன் பெண்சாதி கன்னியம்மா. அவள் பேச்சு எடுபட்டால் அவன் வீட்டுக்குப் போவான், எடுபடாவிட்டால் ஆறு மாதம் ஜெயில். தோட்டத்தில் குடியிருக்கும் லயத்து அறையும் போய்விடும். அவள் வயிற்றில் பிள்ளை வேறு.

கூண்டில் ஏறினாள். ஒல்லியான பெண், முப்பது வயதிருக்கும். உண்மையைத் தவிர வேறு பேசமாட்டேன் என்ற சத்தியத்தை நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். இழுத்துப் பறித்துப் பேசவில்லை. "தடி மொதல்ல இவுரு தோள்ல உயிந்துச்சு. அப்பாலதான் வாளிய தூக்குனாரு. நானு மூணாவது மரத்தாண்ட நின்னுகினு இருந்தேன்." பேச்சு என் ஊர்ப் பேச்சு. காதுக்கு இதமாக இருந்தது, அதே சமயம் உள்ளுக்குள் ஏதோ நெருடியது.

நான் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். துரை பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியில் சாய்ந்து வக்கீல்கள் பக்கம் திரும்பி ஒரு வாக்கியம் சொன்னார். வக்கீல்கள் சிரித்தார்கள். குமாஸ்தா சிரித்தார். டவாலிச் சேவகன், புரியாமலேயே, சிரித்தான்.

"தொர இன்னா சொன்னாரு?" என்றாள் கன்னியம்மா.

"ஒண்ணுமில்லம்மா. வேற ஏதாவது சொல்லணுமான்னு கேக்கறாரு."

"அதுக்கா இத்தினி பேரு சிரிச்சாங்க?"

அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஐயா, எம் புருசன் தல இந்த வாத்தைல கீது. தொர சொன்னத அப்டியே சொல்லு. கொறைக்காத."

"என்ன சொல்கிறாள்?" என்று துரை என்னைக் கேட்டார். அந்த நேரத்தில் எனக்குச் சரோஜாவின் பார்வை ஞாபகம் வந்தது. தைரியம் என்று பெருமை அடித்துக்கொள்ளமாட்டேன். இனி எதைச் சொல்லி மழுப்புவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். துரை சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

"இதுங்க பொறக்கும்போதே பொய்யோட பொறந்ததுங்கன்னாரு."

துரையின் வாக்கியத்துக்கு நான் தமிழ் தேடவேண்டியிருக்கவில்லை. அது தயாராக என் நாக்கில் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய தமிழ் என்று எனக்கு உறைத்தது.

கன்னியம்மா அழவில்லை. கூண்டின் கட்டையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு துரையை நேராகப் பார்த்துப் பேசினாள். அதுவரை என்னைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"நானு சத்தியம் பண்ணிகினுதான் இங்க ஏறுனேன். எங்க ஊர்ல பழி சொல்றவனும் கற்பூரம் அணைக்கணும், கேக்கறவனும் அணைக்கணும். தொரயும் என்ன மாரியே சத்தியம் பண்ணிகினு, இப்ப சொன்னத இன்னொரு தபா சொல்லட்டும். எங்கம்மா, எங்க நைனா, எம் வயித்துல கீற புள்ள எல்லாம் பொய்யின்னு சொல்லட்டும். அத்தயும் அந்த பொஸ்தகத்துல எய்திக்கச் சொல்லு."

ஒரு சொல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

கோர்ட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி துரையைப் பார்த்தார், எழுதவா வேண்டாமா என்று. துரையின் கழுத்து சிவந்தது. அந்தச் சாட்சிப் புத்தகத்தில் எழுதியது மேல் கோர்ட்டு வரை போகும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்கிற சொல் வேறு, கையெழுத்துப் போடுகிற சொல் வேறு.

"அது வழக்கைச் சேர்ந்ததல்ல என்று சொல்" என்றார் கடைசியில்.

சொன்னேன்.

"அப்ப சரி. நானு சொன்னது வயக்க சேந்தது. அத்த முச்சூடும் எய்திக்கட்டும்" என்றாள்.

எழுதிக்கொண்டார்கள். துரை ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிக் கேட்டு எழுதினார். தடி எந்தத் தோளில் விழுந்தது, மூன்றாவது மரம் எவ்வளவு தூரம், எல்லாம். மறுநாள் ஏழுமலையை எச்சரித்து விட்டுவிட்டார். துரை திருந்திவிட்டார் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். அடுத்த வாரமே ஒரு சீனக் கிழவனைப் பார்த்து வேறொன்று சொன்னார், ஆனால் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

6

மூன்றாம் நாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. சாட்சியை நோக்கிச் சொல்லப்படாத ஒரு வாக்கியத்தைச் சாட்சிக்கு மொழிபெயர்த்தது ஏன் என்று ஏழு நாளைக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும், இரண்டு பிரதிகளில். வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் ஒரு சத்தியம் செய்திருக்கிறேன். கோர்ட்டில் பேசப்படுவதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று. மெமோவுக்குப் பதில் எழுதத் தேடியபோதுதான் அந்தத் தாளை மறுபடி படித்தேன். பத்தொன்பது வருஷமாக அந்தச் சத்தியத்தைத் தினமும் உடைத்தேன், ஒருவரும் மெமோ கொடுக்கவில்லை. ஒரே ஒரு நாள் காப்பாற்றினேன், மெமோ வந்துவிட்டது. அந்தத் தாளையே நகலெடுத்து இரண்டு பிரதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. தபால்காரன் வந்தால் நான்தான் முதலில் வாசலுக்குப் போகிறேன்.

தீர்ப்பு நாளன்று கோர்ட்டுப் படியில் கன்னியம்மாவும் ஏழுமலையும் தோட்டத்து லாரிக்காக நின்றிருந்தார்கள். நான் போனேன். ஏழுமலை தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டான். அவள் கும்பிடவில்லை.

"நீ எந்த ஊரு? நம்ம பக்கம் பேச்சா கீதே" என்றாள்.

"சென்னீர்குப்பம்."

"நானு காட்டுப்பாக்கம். சென்னீர்குப்பத்துல எந்த ஊடு?"

பொய் சொல்லியிருக்கலாம். அங்கே ஐம்பது வீடு இருக்கிறது. "களத்துமேட்டு வீடு" என்றேன்.

ஏழுமலையின் முதுகு தானாகக் குனிந்தது. "ஆண்டே" என்றான். ஊரில் எங்களை அவர்கள் கூப்பிடும் சொல். கடல் தாண்டி வந்து அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது.

கன்னியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதான். நீ தொர வாத்தைய சொன்னியே, அப்பவே நெனச்சேன், இத்த எங்கியோ கேட்டுகீறோமேன்னு. எங்க நைனா உங்க களத்துலதான் கற்பூரம் அணைச்சாரு. கையில கொப்புளம் வந்து, ஒரு மாசம் அம்மாதான் சோறு ஊட்டிச்சு. நானு சின்னப் பொண்ணு, அந்த வாத்தைய நைனா சொல்லித்தான் கேட்டேன்."

அவள் காத்தானின் மகள்.

சொல்லிவிட்டேன். சித்தப்பா கதிர்க்கட்டை எடுத்ததை, மாட்டுக்குப் போட்டதை, நான் பார்த்ததை, வாயைத் திறக்காததை. அந்தப் படியில், வெயிலில், கறுப்புக் கோட்டோடு. சொல்லி முடித்தபோது அழுகை வந்தது. அதையும் மறைப்பானேன், அழுதேன்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை, திட்டவுமில்லை. "நைனா செத்து நாலு வருசமாச்சு" என்றாள். லாரி வந்துவிட்டது. ஏழுமலை ஏறிக் கை நீட்டினான். அவள் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? எங்கம்மா ஊர்ல கீது. அதுங்கிட்ட போயி சொல்லு."

"என் தம்பிக்கு எழுதறேன். அவன்கிட்ட சொல்லி அனுப்பறேன்."

"உன் தம்பி வரப்பு மேல நின்னுகினு கூப்புடுவாரு. எங்கம்மாக்கு காது கேக்காது. நீ உள்ள போவணும். ஊட்டுக்குள்ள போயி, கிட்ட குந்திகினு, காதாண்ட சொல்லணும்."

லாரி போய்விட்டது.

7

சிங்காரம், உன் கேள்விக்கு வருகிறேன்.

உன் அதிகாரி அடுத்த முறை அப்படிச் சொன்னால் நீ சிரிக்காதே. அது ஒன்றுதான் முதலில் நம் கையில் இருப்பது. மரியாதையாக எழுந்து நின்று, "ஐயா, சொன்னதை என் தாளின் ஓரத்தில் தங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், திருத்திக்கொள்ள உதவும்" என்று கேள். எழுதமாட்டார். எழுதமுடியாத சொல் அது என்று அவருக்கும் தெரியும். வேலை போகாது என்று நான் உறுதி சொல்லமாட்டேன். எனக்கே தெரியாது. கன்னியம்மாவுக்கும் தெரியாமல்தான் இருந்தது.

ஆனால் உனக்கு இந்த யோசனையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதுதான் பன்னிரண்டு நாளாக என்னை உட்காரவிடாமல் செய்கிறது. உன் வீட்டுக் களத்திலும் ஆள் இருக்கிறான். நீ சோறு இறங்காமல் வீட்டுக்கு வருகிற சாயங்காலங்களில் அவனிடம் என்ன பேசுகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் பெஞ்சில்தானே நானும் வளர்ந்தேன்.

விடுப்பு விண்ணப்பத் தாளை நேற்று வாங்கிவந்தேன். "ஊருக்குப் போகும் காரணம்" என்று அதில் ஒரு கட்டம். கல்யாணமா, கருமாதியா, சொத்து விவகாரமா என்று குமாஸ்தா கேட்டார். எதுவுமில்லை என்றேன். வீட்டில் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரோஜா பின்னால் வந்து நின்று படித்தாள். ராஜத்திடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மாவுக்குக் காது கேட்காதுன்னா, சத்தமா சொல்லணும்ப்பா. நீ ரொம்ப மெதுவா பேசுவே" என்றாள், தமிழில்.

கட்டத்தை நிரப்பிவிட்டேன்: "ஒரு சாட்சி சொல்ல."

மெமோ வேலையைத் தின்னாமல் விட்டால் தை பிறந்ததும் கப்பல் ஏறுவேன். தின்றுவிட்டால் அதற்கு முன்னாலேயே ஏறுவேன். பூந்தமல்லியிலிருந்து காட்டுப்பாக்கத்துக்கு நடந்தே போகலாம். சேரிக்கு முன்னால் வரப்பு எங்கே முடிகிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனையோ தடவை அங்கே நின்று ஆள் கூப்பிட்டிருக்கிறோம். ஒரு தடவைகூட அதைத் தாண்டி ஓர் அடி வைத்ததில்லை.

நான் தாண்டிப் போகப்போகிறேன். நீ வருகிறாயா, இல்லை வரப்பிலேயே நிற்கிறாயா?